நூற்று எழுபது

கண்ணாடிக் கதவின் நடுவில் அகலமாக வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் உள்ளே இருந்தவர்களின் முகங்கள் மாசிலாமணிக்குத் தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் நடுவர்களுடையவை, இரண்டு ஜோடி பாலிஷ் போட்ட ஷூ, ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. இந்தப் பக்கம் அவருடைய பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேரின் வெள்ளை கேன்வாஸ் ஷூக்கள். நடுவில் நிற்பவள் ரிஸ்வானா. இடது ஷூவின் முனை தேய்ந்து சாம்பலாகியிருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். யோசிக்கும்போது அந்த முனையால் தரையைத் தட்டுவாள், பள்ளி ஆய்வகத்தின் சிமெண்டுத் தரையில் இரண்டு வருடமாகத் தட்டித் தட்டித் தேய்த்தது. இப்போது தட்டவில்லை. ஒரு அணிக்குப் பதினைந்து நிமிட நேர்காணல் என்று பலகையில் போட்டிருந்தார்கள், உள்ளே போய்ப் பதினேழு நிமிடமாகிறது, என்னத்தைத்தான் கேட்கிறார்கள், அந்த எண்ணைக் கேட்டுவிட்டார்களா. நூற்று எழுபது. நேற்றுச் சாயங்காலம் வரை அது நூற்று நாற்பது. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் அந்தச் சின்ன வண்டி வளைவுகளில் என்ன வேகத்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லும் எண். அதை வைத்தவள் ரிஸ்வானா. மாற்றியவர் மாசிலாமணி. மாற்றியது அவளுக்குத் தெரியாது. நடுவர்கள் மடிக்கணினியைத் திறந்து, வண்டியை ஓட்டும் நிரலில் எங்காவது ஒரு வரியில் விரலை வைத்து, இது ஏன் இவ்வளவு, யார் வைத்தது, எப்போது வைத்தது என்று கேட்பார்கள். பிள்ளைகள் சொல்வதை அவர்கள் எழுதிவைத்திருக்கும் மாற்றப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். பெரியவர் யாரோ கைவைத்திருக்கிறார் என்று தெரிந்தால் நிரலுக்கு உண்டான ஐம்பது மதிப்பெண்ணும் பூஜ்யம், மாநிலப் போட்டிக்கு முழுக்கு. விதிப் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டியவர் அவர்தான், அதுவும் என்ன குரலில், பைபிள் வாசிக்கிற குரலில். ரிஸ்வானா பதினொன்றாம் வகுப்பு. போன வருடம் மாநில வாய்ப்பு நான்கு மதிப்பெண்ணில் போனது. அடுத்த வருடம் பன்னிரண்டு, பொதுத்தேர்வு என்று தலைமையாசிரியை எந்தப் போட்டிக்கும் விடமாட்டார். இந்த வருடத்தை விட்டால் அவளுக்கு வேறு வருடம் கிடையாது.

குளிர்சாதனக் காற்று நேராகக் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இடம் மாறி உட்காரலாம், மாறினால் கால்கள் தெரியாது. எதிர் பெஞ்சு முழுக்க ஆரஞ்சு நிறச் சட்டைகள். மூன்று பள்ளிகளுக்கு ஒரே பயிற்சி நிறுவனம், மூன்று அணிக்கும் ஒரே சட்டை, ஒரே வண்டி, வண்டியின் மேல்மூடியில் ஒட்டியிருக்கும் கழுகு ஸ்டிக்கர்கூட ஒன்றுதான். பிள்ளைகளைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது, பிள்ளைகளைப் பார்த்து எரிச்சல்படுகிற வயதாகிவிட்டதே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. வராந்தா நெடுகப் பதாகை, நாளைய விஞ்ஞானிகளே வருக, கீழே இந்தப் பொறியியல் கல்லூரியின் தாளாளர் கைகூப்பியபடி. காலையில் அவர் முக்கால் மணி நேரம் பேசினார், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கும் நான்கு தூண்கள் என்று. எதைத் தாங்கும் தூண்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். ஆரஞ்சுப் பிள்ளைகளின் தாய்மார்கள் இரண்டு பேர் பக்கத்துத் தூணில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "நாப்பத்தாறு கேள்வி குடுத்திருந்தாங்கங்க. எம் பையனுக்கு நாப்பத்தாறும் தண்ணிபட்ட பாடு." "எங்காளும் அப்படித்தான். ஆனா ஒண்ணு, எவ்வளவுன்னு கேட்டா சொல்லிரும். ஏன்னு கேட்டா முழிக்கும்." "ஏன்னு எவன் கேக்கப் போறான்?" இரண்டு பேரும் சிரித்தார்கள். மாசிலாமணி அந்தச் சிரிப்பை மனதுக்குள் எடுத்துவைத்துக்கொண்டார். வருகிற வாரம் ஆசிரியர் அறையில் சொல்வதற்கு ஆகும். அந்த நினைப்பு முழுதாக ஓடி முடிவதற்குள் நூற்று எழுபது குறுக்கே வந்து நின்றது.

"என்ன சார், உள்ள ரொம்ப நேரமா போவுதே" என்று கிஷோர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஆரஞ்சுச் சட்டைக்காரர்களின் பயிற்சியாளன், இருபத்தாறு வயது இருக்கும், கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள். போன வருடமும் இதே பெஞ்சில் இதேபோல வந்து உட்கார்ந்தவன். "எங்க பசங்க ஒம்போது நிமிஷத்துல வெளிய வந்துட்டாங்க. டக்கு டக்குன்னு சொன்னா மேல கேக்க மாட்டாங்க சார். தயங்கினாத்தான் தோண்டுவாங்க."

"நீங்க எழுதிக் குடுத்தத ஒப்பிச்சிட்டு வந்திருப்பாங்க."

நறுக்கென்று சொன்னார், அவன் முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தார். அவன் சிரித்தான். "ஆமா சார். நானும் எய்டட் ஸ்கூல்ல படிச்சவன்தான். பிளஸ் டூ பிசிக்ஸ் பிராக்டிகல்ல ஃபுல் மார்க். ஸ்குரூகேஜ வருஷத்துக்கு ஒரு நாள்தான் கையில தொட்டேன். ரீடிங் எல்லாம் எங்க சாரே துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்திருவாரு. அவரு பண்ணினா பள்ளிக்கூடம், நான் பண்ணினா வியாபாரமா?" தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனான். கோபமாகப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துண்டுச் சீட்டு. இருபத்தெட்டு வருடம். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மாசிலாமணி தன் கையால் எழுதுவார், முப்பட்டகத்துக்கு இத்தனை, ஊசலுக்கு இத்தனை, வெளிப்பள்ளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு டீயும் முறுக்கும், பிள்ளைகள் விடையை முதலில் எழுதிவிட்டு அளவீடுகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்புவார்கள். எல்லாருக்கும் முழு மதிப்பெண். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான், அவர் மட்டும் செய்யாமலிருந்தால் அவருடைய பிள்ளைகள் மட்டும் குறைந்துபோவார்கள், இப்படித்தான் ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தமயந்தி என்றொரு பெண். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடித்து ஒன்பது புள்ளி மூன்று என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள். அவர் சிவப்பு மையால் அடித்து ஒன்பது புள்ளி எட்டு என்று எழுதி, போ, மேலே இருக்கிறதைச் சரி பண்ணு என்றார். எத்தனை தடவை செய்தாலும் மூன்றுதான் வருகிறது சார் என்றாள். அப்படியென்றால் உன் கை சரியில்லை என்றார். வகுப்பே சிரித்தது. ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ அந்த ஊசலை எடுத்தபோது பார்த்தார், நூலைப் பிடித்திருந்த பிளவுத் தக்கை தளர்ந்திருந்தது, ஆட ஆட நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நூல் நீளுகிறது, ஆட்டம் மெதுவாகிறது, ஒன்பது புள்ளி மூன்று. அந்த ஊசல் சொன்னதைத்தான் அவள் எழுதியிருந்தாள். தக்கையை மாற்றினார். தமயந்தியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன, ஒரு நிமிட வேலை, பதினோராம் வகுப்புப் பெண்ணிடம் போய் நான்தானம்மா தப்பு என்று ஒரு நிமிடம். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, தன் கை சரியில்லை என்று நம்பிக்கொண்டு.

தரையில் சாம்பல் முனை ஒருமுறை தட்டியது. இரண்டாவது தடவை தட்டவில்லை. இருபது நிமிடம்.

நேற்று நான்கு மணி. பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளிக்கு எதிர்க்கடையில் பஜ்ஜி சாப்பிடப் போயிருந்தார்கள். ஆய்வகத்தில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது, வண்டி தரையில், கோடு ஒட்டிய பிளக்ஸ் பாய் தரையில். அவர் கைப்பேசியில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் போட்டிருந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நொடியில் ஒரு சுற்று. எங்களுடையது பதினாறு. எங்களுடையது என்றுதான் நினைத்தார், அவளுடையது என்று நினைக்கவில்லை, அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாலை அடித்துவிட்டு ஏழு. கம்பியைச் செருகி வண்டிக்கு ஏற்றினார், விட்டார். வண்டி பாய்ந்து போனது, கடைசி வளைவில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது, கோட்டை விடவில்லை, பன்னிரண்டு நொடி. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ வருடம் கழித்து அப்படி ஒரு சந்தோஷம், சாக்பீஸ் தூசியும் விடைத்தாள் கட்டும் இல்லாத ஒரு சந்தோஷம். பிள்ளைகள் எண்ணெய்க் கையோடு திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தபோது டயானா கத்தினாள், "ஏய், புது பேட்டரி போட்டதும் பறக்குதுடி!" மத்தியானம்தான் புது பேட்டரி மாட்டியிருந்தார்கள். எல்லாரும் பேட்டரியைத் தட்டிக்கொடுத்துக் குதித்தார்கள். ரிஸ்வானா மட்டும் குதிக்கவில்லை. வண்டியைத் தூக்கித் திருப்பிச் சக்கரத்தைப் பார்த்தாள். "பேட்டரிக்கா இவ்வளவு வித்தியாசம்?" என்றாள். அப்போது அவள் யாரையும் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டாள். மாசிலாமணி அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டுகிற முதுகோடு, "புது பேட்டரின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். பேருந்தில் அவள் டயானாவின் தோளில் தூங்கிவிட்டாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பியா என்று விட்டார். இறங்கியதும் சொல்ல வாயெடுத்தபோது தலைமையாசிரியை போனில், மாசிலாமணி சார், தாளாளரோட ஒரு போட்டோ கண்டிப்பா வேணும், பள்ளிப் பேர் தெரியணும். அதற்குப் பிறகு வாசலிலேயே மடிக்கணினிகளை வாங்கி வைத்துவிட்டார்கள், நேர்காணல் முடிகிறவரை யாரும் தொடக்கூடாது. தொட முடியாது, சரி. சொல்லியிருக்க முடியுமே. வரிசையில் ஒரு மணி நேரம் நின்றார்களே, அப்போது வாயில் என்ன இருந்தது? அப்போது அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நிரலில் நாற்பதுக்கு மேல் எண்கள் இருக்கின்றன, அவர்கள் கேட்பது ஐந்து, ஆறு. அந்த ஒன்றைத்தானா தொடுவார்கள். தொடமாட்டார்கள். தொடாவிட்டால் வண்டி பன்னிரண்டு நொடியில் ஓடும், ஆரஞ்சுக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன சார், எப்படி சார் என்பான், அவர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். இந்தச் சிரிப்புக்காகத்தானா. ஒரு இளந்தாரியிடம் ஒரு தடவை அலட்சியமாகச் சிரிப்பதற்காக இரண்டு வருடமாக ஒருத்தி தட்டித் தட்டி யோசித்த தரையின் மேலே ஏறி நின்றாயா. பதிவேடு அவளுடைய யோசனை. ஒரு திருகாணியை மாற்றினாலும் தேதி, காரணம், கையெழுத்து. ஒருநாள் அவர் ஒரு கம்பியை இடம் மாற்றிச் செருகிவிட்டார் என்று அவரிடமே நோட்டை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க சார்." போட்டார். சிரித்துக்கொண்டே போட்டார். பிறகு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கசந்தது, என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு என்று. ஆக, நேற்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது அந்தக் கையெழுத்தும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். வேகம் மட்டுமில்லை. அவளுக்கு ஒரு பாடம். அவள் எழுதியதைவிட நல்லதாக ஒன்று, அவளுக்குத் தெரியாமல். தெரியாமலே இருந்தால் அது என்ன பாடம்?

இப்போது ஒரு பொய் சொல்லிவிடேன் என்று கதவைப் பார்த்துக் கெஞ்சினார். நான்தான் மாற்றினேன் என்று சொல்லிவிடு பிள்ளை. அப்படிக் கெஞ்சுகிறோம் என்று தெரிந்ததும் வாயில் எச்சில் கசந்தது. ஆரஞ்சுக்காரன்கூட நாற்பத்தாறு விடைகளைத்தான் சொல்லிக்கொடுத்தான், பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கவில்லை. உள்ளே பெண்கள் செருப்பு எழுந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தது. கதவு திறந்தது.

"இருபத்தொண்ணாம் நம்பர் டீமோட சார் யாருங்க?"

நடுவர்களில் மூத்தவர், விசாலாட்சி என்ற பேராசிரியர். மாசிலாமணி எழுந்தார். உள்ளே மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் நீள நோட்டு விரித்தபடி. டயானா அழுகிற மாதிரி இருந்தாள், மூன்றாவது பெண் சுகப்பிரியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிஸ்வானா அவரைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார், ஒரு சின்ன விஷயம்" என்றார் விசாலாட்சி. "இங்க நூத்தி எழுவதுன்னு இருக்கு. நோட்டுல நூத்தி நாப்பது. இருவது தடவ ஓட்டிப் பாத்து, நூத்தி அம்பதுக்கு மேல போனா மூணு தடவைக்கு ஒரு தடவ வழுக்குதுன்னு அட்டவணையே போட்டிருக்கு. ரொம்ப நல்லா போட்டிருக்காங்க. அப்புறம் ஏன் எழுவதுன்னு கேட்டா, நேத்து நான்தான் மாத்தினேன், எழுத மறந்துட்டேங்கிறா இந்த நடுவுல நிக்கிற பொண்ணு. அப்படித்தானா சார்? எழுதாததுக்கு அஞ்சு மார்க் போகும், அவ்வளவுதான். நீங்க ஆமான்னு சொன்னா நாங்க முடிச்சிருவோம்." பேனா மூடியைக் கழற்றிவிட்டிருந்தார்.

மூன்று தடவைக்கு ஒரு தடவை. அட்டவணை போட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தை அவர் படித்ததில்லை, படிக்காமலே மேலே கையெழுத்துப் போட்டிருக்கிறார், இந்த நோட்டிலும் வழக்கம்போல. ரிஸ்வானாவின் கண்ணில் கெஞ்சல் இல்லை. எல்லாம் புரிந்துபோன கண். பேட்டரி, அலமாரி, முதுகு எல்லாவற்றையும் இந்த அறைக்குள் நின்றபடியே கோத்து முடித்திருந்தாள். சொல்லுங்கள் என்று இருந்தது அந்தப் பார்வை, ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவருக்கு அந்த வார்த்தை நாக்குவரை வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது, தமயந்தி வந்தாள், கிஷோரின் துண்டுச் சீட்டு வந்தது, ஒரு தடவையாவது, இந்த ஒரு தடவையாவது என்று நெஞ்சு விம்மியது, அந்த விம்மல் சுகமாக இருந்தது.

"நான்தான் மேடம் மாத்தினேன். பிள்ளைங்களுக்குத் தெரியாது."

விசாலாட்சி நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பேனாவை மூடினார். "சொன்னதுக்கு நன்றி சார். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே" என்றார். பிறகு பிள்ளைகளிடம், "வண்டி ஓட்டலாம்மா. அதுக்குண்டான மார்க் உங்களுக்கு உண்டு. போறதுக்கு முன்னாடி நம்பர மாத்தணும்னா மாத்திக்கலாம், அஞ்சு நிமிஷம் தருவாங்க" என்றார். நல்ல மனுஷி. வேறு யாரையும் பார்க்க முடியாததால் மாசிலாமணி அவர் நல்ல மனுஷி என்பதையே நினைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் ரிஸ்வானா வண்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன் சார்?"

"பொய் சொல்லக் கூடாதும்மா. நான் பண்ணின தப்புக்கு நீ..."

"நான் சொல்லியாச்சு சார். முடிஞ்சுபோச்சு. அவங்க பேனாவ எடுத்துட்டாங்க."

"மனசு கேக்கலம்மா."

"ஒங்க மனசா சார்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "சொல்லணும்னா என்கிட்ட சொல்லியிருக்கணும். காலைல பஸ்ல சொல்லியிருக்கணும். வரிசையில நின்னமே, அப்ப சொல்லியிருக்கணும். அவங்ககிட்ட போயி எதுக்கு சார் சொல்றீங்க?" டயானா அவள் கையைப் பிடித்து, "ஏய், சார்டி" என்றாள். ரிஸ்வானா கையை உதறவில்லை, பார்வையையும் எடுக்கவில்லை. "நான் வச்ச நம்பரையும் மாத்தினீங்க. நான் சொன்ன பதிலையும் மாத்திட்டீங்க."

அரங்கத்துக்குள்ளிருந்து இருபத்தொன்று, இருபத்தொன்று என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவர் ஓரடி எடுத்து வைத்தார். "நீங்க இங்கயே இருங்க சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மூன்று பேரும் போனார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரில் ஆரஞ்சுப் பையன்கள் ஒருவன் தலையில் ஒருவன் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னதை மறுத்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். உண்மையைச் சொன்னேன், அது தப்பா. தப்பில்லை. யாருக்காகச் சொன்னாய். அவளுக்காக என்று சொல்லிப் பார்த்தார், அது நிற்கவில்லை. இரண்டு வருட உழைப்பைக் கொடுத்து அவர் தன் மனதுக்கு ஒரு சுகம் வாங்கிக்கொண்டார், கொடுத்தது அவருடையதில்லை. மன்னிப்புக் கேட்கலாம். பேருந்தில், திரும்பிப் போகும்போது. கேட்டால் அவள் பரவாயில்லை சார் என்று சொல்லியாக வேண்டும், வேறென்ன சொல்வாள் ஒரு மாணவி, அப்படியென்றால் அதையும் அவளிடமிருந்து பிடுங்குவதாகத்தான் ஆகும். கேட்காமலிருக்கலாம். கேட்காமலிருந்தால் தமயந்தி.

உள்ளே விசில் ஊதினார்கள். வண்டி கிளம்பிவிட்டது. கிடைத்த ஐந்து நிமிடத்தில் அவள் எந்த எண்ணை வைத்திருப்பாள் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு. பன்னிரண்டில் கைதட்டல் வந்தால் அவருடையது, பதினாறில் வந்தால் அவளுடையது. ஆறு, ஏழு. அவள் நாற்பதுதான் வைத்திருக்க வேண்டும், அதுதான் சரி, அட்டவணை இருக்கிறது, மூன்றுக்கு ஒன்று வழுக்கும். ஒன்பது, பத்து. பதினொன்று. பன்னிரண்டு. சத்தமில்லை. பதிமூன்று என்று எண்ணும்போது நெஞ்சுக்குள் ஏதோ தொய்ந்து இறங்கியது, அது என்னவென்று பார்க்காமலே இருந்திருக்கலாம், பார்த்துவிட்டார். ஏமாற்றம். அது எழுபதாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு நேரமும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார், இத்தனைக்கும் பிறகு, வெட்கமில்லாமல். பதினான்கு. பதினைந்து. பதினாறில் உள்ளே கைதட்டினார்கள்.